காகத்துக்கு வைத்த இறால்

எங்கள் வீட்டில் சனிக்கிழமைகளில் காகம் சாப்பிட்ட பிறகுதான் மனிதர் சாப்பிடலாம். யாழ்ப்பாணத்தில் இது ஒரு பிரச்சினையே இல்லை. வாழையிலைத் துண்டில் ஒரு பிடி சோற்றை வைத்து, வேலிப்பக்கம் பார்த்து "கா கா" என்று குரல் கொடுத்தால் போதும். கூப்பிட்டவர் வாயை மூடுமுன் ஊர்க் காகமெல்லாம் அடிபட்டுக்கொண்டு வந்து நிற்கும். டென்மார்க்கில், விபோர்க் நகரத்தில், ஒரு தொடர்மாடியின் இரண்டாம் தட்டில், மழையும் காற்றும் முகத்தில் அறைகிற கார்த்திகை மாதத்தில் இதே வேலையைச் செய்து பாருங்கள். அப்போது தெரியும் காகத்தின் மவுசு.

விரதக்காரி நானில்லை, என் மச்சாள். என் கணவரின் மூத்த அக்கா. நான் கடற்கரைப் பக்கத்துக் கத்தோலிக்கப் பெட்டை, காதலித்துக் கல்யாணம் செய்து சைவக் குடும்பத்துக்குள் நுழைந்தவள். எனக்கும் சனீஸ்வரனுக்கும் இடையில் எந்தப் பேச்சுவார்த்தையும் கிடையாது. ஆனால் வீட்டில் ஒரே அடுப்பு, ஒரே சோற்றுப்பானை. மச்சாள் வெறும் வயிற்றோடு யன்னலடியில் காகம் பார்த்துக்கொண்டிருக்க, நான் மட்டும் சோற்றுக் கோப்பையை நிரப்பிக்கொண்டு குந்த முடியுமா? என் வயிறு வேதக்கார வயிறு என்றாலும் அதற்கும் கொஞ்சம் வெட்கம் இருந்தது. ஆகவே எண்பத்தாறாம் ஆண்டு இலையுதிர்காலம் முழுக்க என் சனிக்கிழமைச் சோறு ஒரு காகத்தின் தயவில் தொங்கிக்கொண்டிருந்தது.

எங்கள் ஆட்களின் தவத்தையும் சொல்லத்தான் வேண்டும். தபசு காலத்து வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் இறைச்சியை விட்டு மீன் தின்போம். நல்ல பாரைமீன் குழம்பைக் கையால் வழித்து வழித்துத் தின்றுவிட்டு, ஆண்டவருக்காக ஒறுத்தல் செய்தோம் என்று ஏப்பம் விடுவோம். அதே மீனின் மணம் சனிக்கிழமை குசினியில் அடித்தால் மச்சாளுக்கு ஏழு சென்மத்துப் பாவம். இரண்டு சாமியும் ஒருநாள் உட்கார்ந்து கதைத்து ஒரு முடிவுக்கு வந்தால் எங்களைப் போன்ற கலப்புக் குடும்பங்களுக்குச் சமையல் கொஞ்சம் லேசாகும்.

பகிடி ஒருபக்கம். மச்சாள் விரதம் பிடித்தது அவளுடைய கணவருக்காக. நாங்கள் மூன்று பேரும் அதற்கு முந்தின வருடம் கிழக்கு பெர்லின் வழியாக வந்து சேர்ந்தோம். நான்காவதாக வரவேண்டிய அவருக்குப் பாஸ்போட் கைக்கு வந்து சேரவில்லை. "நீங்கள் முதல் போங்கோ, நான் அடுத்த மாதம் வாறன்" என்று சொல்லி எங்களை ஏற்றிவிட்டார். நான் அண்ணை என்று கூப்பிடுகிற அவர் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவர். சைக்கிளில் போகும்போது முன்னால் போகிறவர் பயந்துவிடுவார் என்று மணி அடிக்கத் தயங்குகிற மனிதர். அடுத்த மாதமும் போய், அதற்கடுத்த மாதங்களும் போய், ஒரு சுற்றிவளைப்பில் ராணுவம் அவரைப் பிடித்துக்கொண்டு போனதாகச் செய்தி வந்தது. எந்த முகாமில் வைத்திருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. உயிரோடு இருக்கிறாரா என்பதும் தெரியாது.

ஊரில் யாரோ ஒரு சாத்திரி சாதகத்தைப் பார்த்து, அவருக்கு ஏழரைச் சனி நடக்கிறது, மனைவி சனிக்கிழமை விரதம் பிடித்துக் காகத்துக்குச் சோறு வைத்தால் ஆள் வெளியே வருவார் என்று சொல்லிவிட்டான். அந்தச் சாத்திரியை நான் இன்றைக்குச் சந்தித்தாலும் நாலு கேள்வி நாக்கைப் பிடுங்கிற மாதிரிக் கேட்பேன். மச்சாள் புரட்டாதிச் சனியில் விரதத்தைத் தொடங்கினாள். புரட்டாதி முடிந்தது, விரதம் முடியவில்லை. "இவர் வாற வரைக்கும்" என்றாள்.

அவளுடைய நியாயம் நேரானது. காகம் சனீஸ்வரனின் வாகனம். அது சோற்றை எடுத்தால் அவர் மனம் இரங்கிவிட்டார் என்று அர்த்தம். எடுக்காவிட்டால் அவர் இன்னும் கோபத்தில் இருக்கிறார், ஆள் இன்னும் உள்ளே கிடந்து அடி வாங்குகிறார். காகம் எடுக்காமல் தான் ஒரு கவளம் சாப்பிட்டாலும் அது கணவரைத் தன் கையால் கொன்றதற்குச் சமன். இந்த நியாயத்துக்குள் எங்கே குத்தினாலும் ஊசி இறங்காது. நான் குத்திப் பார்த்தவள்.

விபோர்க்கில் காகம் இல்லை என்றில்லை. இருந்தது. உடம்பெல்லாம் சாம்பல், தலையும் செட்டையும் வாலும் மட்டும் கறுப்பு. மச்சாள் முதலில் அவற்றைக் காகம் என்றே ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் பசி ஒத்துக்கொள்ள வைத்தது. ஆனால் அந்தக் காகங்கள் மச்சாளின் சோற்றை ஒத்துக்கொள்ளவில்லை. பேக்கரி வாசலில் பாண் துண்டும் சொசேஜ் விற்கிற வண்டியடியில் கொழுப்பும் பொறுக்கித் தின்கிற சாதிக்கு எள்ளுச் சோறு எங்கே பிடிக்கும்? பல்கனியில் வைத்த சோறு மழையில் ஊறி, வழிந்து, கீழே நிற்கிற சைக்கிள்களின் இருக்கையில் போய் ஒட்டியது. தொடர்மாடியைப் பராமரிக்கிறவர், வீசவெர்ட் என்று டெனிஷில் சொல்வார்கள், மேலே ஏறி வந்து கதவைத் தட்டினார். பறவைக்குச் சாப்பாடு போட்டால் எலி வரும், எலி வந்தால் நான் உங்களிடம் வருவேன் என்று ஒவ்வொரு சொல்லாக, எங்களுக்கு விளங்க வேண்டும் என்பதற்காகச் சத்தமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு ஏரிக்கரைக்குக் கொண்டுபோனோம். அங்கே இன்னொரு கூத்து. மச்சாள் ஈரப் புல்லில் இலைக்குப் பதிலாக ஒரு கடுதாசிக் கோப்பையை வைத்து, கண்ணை மூடிக் கும்பிடுவாள். அவள் கண்ணைத் திறக்கும்போது கோப்பையைச் சுற்றி ஏரியிலிருந்து ஏறிவந்த இருபது தாரா நிற்கும். காகம் தூரத்து மரத்தில் இருந்து புதினம் பார்க்கும். என் கணவர் கையை ஆட்டி ஆட்டித் தாராக்களைக் கலைப்பார். அந்த வழியாக நாயோடு நடந்து போகிற டெனிஷ்காரர்கள், வளர்ந்த ஒரு மனிதன் தாராவுடன் சண்டை பிடிப்பதைப் பார்த்தும் பார்க்காத மாதிரிப் போவார்கள். அதுதான் அந்த நாட்டு மரியாதை.

காகம் எடுக்காத சனிக்கிழமைகளில் மச்சாளுக்கு ஞாயிறு விடியும்வரை வெறும் தண்ணீர். எடுக்காத சனிக்கிழமைகள்தான் அதிகம். விரதமில்லாத நாட்களிலும் அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. கண்ணுக்கு முன்னால் ஆள் ஈர்க்குப்போல் ஆகிக்கொண்டு வந்தாள். ஒரு திங்கட்கிழமை மொழிப் பள்ளியில் கதிரையோடு சரிந்து விழுந்துவிட்டாள். ரீச்சர் தண்ணீர் தெளித்து எழுப்பி, என்ன சாப்பிட்டாய் என்று கேட்க, மச்சாள் தனக்குத் தெரிந்த டெனிஷில் "காகம் சாப்பிடவில்லை" என்று பதில் சொன்னாள். வசனத்தில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் ரீச்சர் பயந்துபோய் டொக்டருக்கு ரெலிபோன் எடுத்தார். டொக்டர் இரும்புச்சத்துக் குளிசை தந்தார். காகத்துக்கு அவரிடம் மருந்தில்லை.

நான் வீட்டுக்கு வந்து என் கணவரைப் பிடித்துக்கொண்டேன். "இஞ்சேருங்கோ, உங்கடை அக்கா இப்பிடியே கிடந்தா அவர் வெளியிலை வரேக்குள்ளை இவ உள்ளுக்குப் போயிடுவா, மண்ணுக்குள்ளை. நீங்கள் தம்பிதானே, ஒரு சொல்லுச் சொல்லுங்கோவன்."

அவர் பன்றி வெட்டுகிற தொழிற்சாலையில் துப்புரவு வேலை செய்தார். நாள் முழுக்கப் பன்றி இரத்தத்தைக் கழுவிவிட்டு வீட்டுக்கு வந்து, அக்காவின் விரதத்துக்குத் தீட்டு வரக்கூடாது என்று வாசலிலேயே உடுப்பை மாற்றுகிற மனிதர். "நீர் உந்தக் கதையை விடும்" என்றார். "அக்காவுக்கு அத்தானுக்காகச் செய்யக்கூடியது உது ஒண்டுதான். உதையும் பறிச்சா என்ன செய்வா?" அவர் சொன்னது சரி. சரியானதைச் சொல்லிவிட்டு ஒன்றும் செய்யாமல் இருப்பதில் அவரை வெல்ல ஆளில்லை.

கார்த்திகையில் வடமேற்கிலிருந்து ஒரு புயல் அடித்தது. சைக்கிள்கள் வரிசையாகச் சரிந்தன. என் கணவர் வேலைக்குச் சைக்கிளை உருட்டிக்கொண்டே போனார். அது ஓய்ந்த காலை ஒரு சனிக்கிழமை. நான் குப்பை போடக் கீழே இறங்கினேன். படிவாசலில், சுவரோரமாக, யாரோ விட்டுப் போன கறுப்புச் சப்பாத்து ஒன்று கிடந்தது. தள்ளிவிடலாம் என்று கிட்டப் போனால் சப்பாத்து என்னைத் திரும்பிப் பார்த்தது.

பறவை. மைனாவைவிடக் கொஞ்சம் தடிப்பு. கழுத்து என்று ஒன்று இல்லை. தலையும் முதுகும் நல்ல கறுப்பு, தொண்டையும் வயிறும் பளிச்சென்ற வெள்ளை, சொண்டு கட்டைவிரல் நகம் அளவு. காலைப் பின்பக்கம் கடைசியில் கொண்டுபோய்ப் பூட்டியிருந்ததால் அதற்கு ஒழுங்காக நிற்கவும் தெரியவில்லை, வயிற்றால் தள்ளிக்கொண்டு போனது. கோட்டுப் போட்ட கட்டை அப்புக்காத்து ஒருவர் வழக்கில் தோற்று விழுந்து கிடப்பதுபோல் இருந்தது. குனிந்து தூக்கினேன். பாரமே இல்லை. ஆனால் மணம் வந்தது. அப்பாவின் வள்ளத்தில் வளர்ந்த மூக்கு என்னுடையது. காயாத வலையின் மணம் அது. இந்தச் சீவன் கடலில் இருந்து வந்தது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

எனக்குத் தெரிந்து என்ன பயன்? நான் நிமிர்ந்தபோது பின்னால் மச்சாள் நின்றாள், கையில் எள்ளுச் சோற்றுக் கோப்பையோடு.

"வந்திட்டார்" என்றாள்.

"ஆர் மச்சாள்?"

அவள் பறவையை என் கையிலிருந்து வாங்கிச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு மேலே ஏறினாள். பல வாரங்களாகப் படியில் மூச்சு வாங்கி மூச்சு வாங்கி ஏறியவள், அன்று என்னைவிட முன்னால் போனாள்.

குசினியில் பத்திரிகை விரித்து, அதன்மேல் அப்புக்காத்தை இருத்தி, முன்னால் சோற்றை வைத்தாள். என் கணவர் நித்திரைக் கண்ணோடு வந்து எட்டிப் பார்த்தார். "அக்கா, உது காகமில்லை. வயிறு வெள்ளையாயெல்லோ கிடக்கு."

"இஞ்சத்தைக் காகம் சாம்பல் எண்டு எனக்குச் சொன்னது ஆர்? நீதானே. சாம்பல் காகம் இருக்கேலுமெண்டா வெள்ளை வயித்துக் காகம் இருக்கேலாதே?"

அவர் போய்ப் பல் தீட்டினார்.

மச்சாள் அதன் முன்னால் சப்பாணி கட்டி இருந்து "கா, கா" என்று மெதுவாகக் கூப்பிட்டாள். பறவை சோற்றைப் பார்த்தது, மச்சாளைப் பார்த்தது, பிறகு பத்திரிகையில் வெள்ளையாக எச்சமிட்டது. அது ஒரு அமைச்சரின் படத்தின்மேல் விழுந்ததால் எனக்கு அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சோற்றை மட்டும் அது தொடவில்லை. மச்சாள் பருப்பு வைத்தாள், தொடவில்லை. தயிர் விட்டுப் பிசைந்தாள். வாழைப்பழத்தை நசித்து வைத்தாள். முற்பகல் முழுக்க இந்த உபசாரம் நடந்தது. பறவையின் கண் மெல்ல மெல்ல மூடத் தொடங்கியது. தலை முன்னால் தொய்ந்தது.

"மச்சாள், அது சாகப்போகுது" என்றேன்.

"வாயைக் கழுவு." மச்சாள் சோற்றை இன்னும் கிட்டத் தள்ளினாள். "இது எங்கடை வாசலுக்கு வந்தது. சனிக்கிழமை பாத்து வந்தது. இது திண்ணாமல் என்ரை குசினியிலை செத்துதெண்டா பிறகு இவர்..." சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பறவைமேல், சாத்திரிமேல், சனீஸ்வரன்மேல், ராணுவத்தின்மேல், எல்லாவற்றின்மேலும் வந்த கோபம். கோபம் வந்தால் நான் சும்மா இருக்கிறவளில்லை. நேரே கீழே இறங்கிப்போய் வீசவெர்ட்டின் கதவைத் தட்டினேன்.

அவர் கோப்பியும் கையுமாக வந்தார். "பறவை" என்றேன். "எங்கள் குசினியில்." சோறு போட்டதை ஒப்புக்கொள்ள வந்திருக்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, முகத்தை இறுக்கிக்கொண்டு என் பின்னால் வந்தார். குசினி வாசலில் வந்ததும் அப்படியே நின்றார். பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டு, பெரிய உடம்பை மடக்கித் தரையில் முழங்காலில் இருந்தார்.

"ஸோகொங்க" என்றார், கோயிலில் கதைக்கிற மாதிரிக் குரலைத் தாழ்த்தி.

கடல் ராசா என்று அர்த்தம். ஒரு பேக்கரிப் பணிஸ் அளவு உடம்புக்கு டெனிஷ்காரர் வைத்த பெயரைப் பாருங்கள். அவர் சொன்னதை நான் எனக்கு விளங்கியமட்டும் தமிழில் சொன்னேன். இது வடக்கே, கிரீன்லாந்துப் பக்கத்துக் கடலில், பனிக்கட்டிக்கு நடுவில் வாழ்கிறது. தண்ணீருக்குள் செட்டையால் நீந்தி ஓடித்தான் இரை பிடிக்கும். புயல் தூக்கி வந்து தரையில் போட்டுவிட்டால் அதற்குத் திரும்ப எழும்பிப் பறக்கத் தெரியாது, தண்ணீர் வேண்டும். தன் வாழ்நாளில் ஒரேயொரு முறை, மேற்குக் கரையில் பார்த்திருக்கிறாராம். இப்படி ஒரு குசினியில் பார்த்ததில்லையாம்.

உடுப்பு ஊறவைக்கிற பெரிய பேசினை எடுத்துத் தண்ணீர் நிரப்பச் சொன்னார். பறவையைத் தூக்கி அதில் விட்டார். அதுவரை செத்துக்கொண்டிருந்த சாமான் ஒரு குலுக்குக் குலுக்கி நிமிர்ந்தது. காலால் உதைத்துப் பேசினைச் சுற்றி வந்தது. தலையைத் தண்ணீருக்குள் விட்டு அடியில் என்ன இருக்கிறதென்று பார்த்தது. அடியில் ஒன்றுமில்லை. நிமிர்ந்து எங்களைப் பார்த்தது. இப்படி ஒரு கேவலமான கடலைத் தான் கண்டதில்லை என்பதுபோல் ஒரு பார்வை.

"கடல் உள்ளே வருகிற ஃபியோர்டுக்குக் கொண்டுபோய் விடலாம், என்னிடம் கார் இருக்கிறது" என்றார் வீசவெர்ட். "ஆனால் இது வெறும் தோலும் இறகும். ஏதாவது தின்னாமல் விட்டால் இரவு தாங்காது. சின்ன இறால் ஏதும் இருக்கிறதா?"

அந்தக் காலத்தில் சனிக்கிழமை மதியத்தோடு கடைகளைப் பூட்டினால் திரும்பத் திறப்பது திங்கட்கிழமைதான். என் கணவர் என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரியும். நான் குளிர்ப்பெட்டியின் மேல்தட்டைத் திறந்து, பச்சைப் பட்டாணிப் பைக்குக் கீழே கையை விட்டு, பத்திரிகையில் சுற்றிய பொதி ஒன்றை எடுத்து மேசையில் வைத்தேன். கோது உரித்த, சுண்டுவிரல் நுனி அளவான கிரீன்லாந்து இறால்.

மச்சாள் பொதியைப் பார்த்தாள். "சனிக்கிழமையிலை வீட்டுக்குள்ளை றால் வைச்சிருக்கிறியே?"

"சனிக்கிழமை மட்டுமில்லை மச்சாள். கிழமை முழுக்க இருக்கு."

இன்னொரு நாளென்றால் அன்றைக்கு வீட்டில் பெரிய பூசையே நடந்திருக்கும். அவளுக்கு அதற்கும் நேரமில்லை. நான் இறாலை அலம்பி ஒன்றைக் கையில் எடுத்தேன். "நீங்கள் அங்காலை போங்கோ. நான் வேதக்காரிதானே, நான் குடுக்கிறன். உங்களுக்குத் தீட்டுமில்லை, பாவமுமில்லை."

"நீ குடுத்தா அது நீ வைச்சது" என்றாள். "நான் வைச்சு அது எடுக்கோணும். அதுதான் விரதம்."

"அப்ப நீங்கள் குடுங்கோ."

"றாலையோ? சனிக்கிழமையிலை, என்ரை கையாலையோ?"

"மச்சாள், இவ்வளவு நாளும் சுத்தபத்தமாச் சோறு வைச்சனீங்கள். தாராவைத் தவிர ஆர் எடுத்தது? இது பசியோடை வந்திருக்கு. பசிச்ச வாய் சைவமோ மச்சமோ எண்டு கேக்குமே? அண்ணை இப்ப இருக்கிற இடத்திலை ஆராவது ஒரு துண்டு கருவாட்டை நீட்டினா, இண்டைக்கு என்ன கிழமை எண்டு கேட்டிட்டே வாங்குவார்?"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. என் கணவர் தலையில் கை வைத்தார். வீசவெர்ட்டுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனாலும் மரியாதைக்குத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மச்சாள் லாச்சியைத் திறந்து கத்தியை எடுத்தாள். அது அவளுடைய மரக்கறிக் கத்தி. அதனால் முட்டைகூட வெட்டக்கூடாது என்று வீட்டில் சட்டம். அந்தக் கத்தியால் இறாலைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டினாள்.

"சனீஸ்வரன் கேக்கிறதை என்னட்டைக் கேக்கட்டும்" என்றாள்.

முதல் துண்டைப் பேசினில் போட்டாள். அது மெல்லக் கீழே இறங்கியது. பறவை தலையை உள்ளே விட்டுப் பார்த்தது. அடுத்த நொடி உடம்பு முழுக்கத் தண்ணீருக்குள் போய், ஒரு சுழற்சி சுழன்று, வாயில் துண்டோடு மேலே வந்தது. விழுங்கியது. இரண்டாவது துண்டு தண்ணீரைத் தொடுமுன்னே அது தயாராக நின்றது. மச்சாள் ஒவ்வொரு துண்டாகப் போட்டுக்கொண்டே "கா, கா" என்று கூப்பிட்டாள். கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்து பேசினுக்குள்ளேயே விழுந்தது. கடல் ராசாவுக்கு அந்த உப்பாவது கிடைத்தது. கடைசியில் அவள் விரலிலேயே கொத்தி வாங்கும் அளவுக்கு ராசாவுக்குத் துணிவு வந்துவிட்டது. பொதியில் பாதி முடிந்தது.

பிறகு மச்சாள் கையைக் கழுவிக்கொண்டு, எல்லோருக்கும் கோப்பை போட்டாள். தானும் போட்டுக்கொண்டாள். சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் கீரையும். இரண்டாந்தரமும் போட்டுச் சாப்பிட்டாள். நான் அவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் என் சோறு ஆறிப்போனது. சந்தோசத்தில் பசி போவது என் சீவியத்தில் அந்த ஒரு நாள்தான் நடந்தது. வீசவெர்ட்டுக்கும் ஒரு கோப்பை கொடுத்தோம். மனிதர் கரண்டியால் ஒரு வாய் குழம்பை எடுத்து வைத்து, முகம் சிவந்து, தண்ணீர் குடித்து, மிகவும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு மிச்சத்தையும் விடாமல் சாப்பிட்டார். எலியைப் பற்றி அதற்குப் பிறகு அவர் எங்களிடம் கதைத்ததே இல்லை.

பின்னேரம் அவருடைய காரில் ஃபியோர்ட் கரைக்குப் போனோம். வாழைப்பழப் பெட்டிக்குள் ராசா, அதை மடியில் வைத்துக்கொண்டு மச்சாள். காற்று அடங்கியிருந்தது. அவளே குந்தியிருந்து தண்ணீரில் விட்டாள். அது கொஞ்சத் தூரம் நீந்தி, ஒருமுறை செட்டையை அடித்துப் பார்த்து, டக்கென்று உள்ளே போய்விட்டது. மச்சாள் தானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எங்கேயோ தூரத்தில், நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த இடத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஓரிடத்தில், கறுப்பாகத் தலை தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை.

"சனி விட்டிட்டுது" என்றாள் மச்சாள். "இனி இவர் வருவார்."

ஒருவேளை வரக்கூடும் என்று எனக்கும் அந்த நேரம் தோன்றியது. கத்தோலிக்கப் பெட்டைதான், என்றாலும் தோன்றியது.

அதற்குப் பிறகு மச்சாள் வேறு ஆளானாள். விரதம் விட்டாயிற்று. சாப்பிட்டாள், நித்திரை கொண்டாள், மொழிப் பள்ளியில் ரீச்சரின் பிழையைக்கூடத் திருத்தினாள். இவருக்குக் குளிர் ஒத்துவராது என்று நீல நிறத்தில் ஒரு தடித்த ஜாக்கெட் வாங்கினாள். அளவு சரியோ என்று என் கணவருக்குப் போட்டுப் பார்த்தாள். "தம்பியைவிட இவர் தோள் அகலம்" என்று கடைக்குக் கொண்டுபோய் மாற்றினாள். மாற்றிக்கொண்டு வந்ததை நடையில் கொளுவினாள்.

தை மாதம் கொழும்பிலிருந்து அண்ணையின் உறவுக்காரர் ஒருவர் ரெலிபோன் எடுத்தார். என் கணவர்தான் ரிசீவரைத் தூக்கினார். ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தவர், பிறகு ஓம் சொல்வதையும் நிறுத்தினார். அதே முகாமில் இருந்து விடுதலையாகி வந்த ஒருவர் விபரம் கொண்டு வந்திருக்கிறார். அண்ணை முகாமிலேயே செத்துப்போனார். போன ஆவணியில். மச்சாள் முதல் விரதம் பிடித்தது புரட்டாதியில்.

நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் அவளிடம் சொன்னோம். அவள் கத்தவில்லை. "எப்ப?" என்று மட்டும் கேட்டாள். ஆவணி என்றதும் தலையை ஆட்டிக்கொண்டு போய் அறைக் கதவைச் சாத்தினாள். நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அந்தச் சாத்திரிக்கு எனக்குத் தெரிந்த தூசணம் எல்லாம் சொன்னேன்.

யாழ்ப்பாணத்துச் சைவ ஆட்களிடம் எட்டுச் செலவு என்று ஒரு வழக்கம். செத்த வீட்டில் எட்டாம் நாள், செத்தவர் விரும்பிச் சாப்பிட்டதையெல்லாம், மீனும் இறைச்சியும் உட்பட, சமைத்து அவருக்குப் படைப்பார்கள். கடைசித் தரமாக அவர் ஆசை தீரச் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும் என்று. செய்தி வந்த நாளிலிருந்து எட்டு என்று வைத்து, முதல்நாள் என் கணவர் கையில் துணிப்பையோடு வந்து மச்சாளின் அறை வாசலில் நின்றார்.

"அக்கா, நாளைக்கு எட்டு. அத்தானுக்கு விருப்பமானது என்னென்ன எண்டு சொல்லுங்கோ, கடை பூட்ட முன்னம் வாங்கியாறன்."

மச்சாள் கட்டிலில் இருந்தாள். "ஒண்டும் வாங்காதை" என்றாள். "இவருக்கு அது வைச்சாச்சு."

"ஆர் வைச்சது?"

"நான்தான். என்ரை கையாலை. நீங்கள் எல்லாரும் பாத்துக்கொண்டுதானே நிண்டனீங்கள்?" பிறகு என்னைப் பார்த்தாள். அந்த வீட்டில் எதையும் நம்பாதவள் நான்தான் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் என்னைக் கேட்டாள். "பசியோடைதானே பிள்ளை வந்தவர்? வயிறு நிறையச் சாப்பிட்டிட்டுத்தானே போனவர்?"

"ஓம் மச்சாள்" என்றேன். "வயிறு நிறையச் சாப்பிட்டிட்டுத்தான் போனவர்."